வேற்றுக்கோள் உயிர்களைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை என்னதான் சொல்கிறது?

"ஏலியன்கள் இருப்பதை வத்திக்கான் ஒப்புக்கொண்டது" என்று ஒரு காணொளி வரும். "ஏலியன் ஆவணங்களை வத்திக்கான் பூட்டி வைத்திருக்கிறது" என்று அடுத்த வாரம் இன்னொன்று வரும். "செவ்வாயில் ஒரு புழு கிடைத்தால் போதும், பைபிளின் கதை முடிந்தது" என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. மூன்று பேச்சுக்கும் கூட்டம் சேர்கிறது. மூன்றும் தவறு.

வேற்றுக்கோள் உயிர் உண்டு என்று திருச்சபை போதிக்கவில்லை. இல்லை என்றும் போதிக்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் அதற்கு அக்கறையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆயர்களும் துறவிகளும் பேராசிரியர்களும் இதை விவாதித்து வந்திருக்கிறார்கள். அவர்களை உறுத்திய கேள்வி, "அப்படி யாராவது இருந்தால், கடவுளோடு அவர்களுக்கு என்ன உறவு?" என்பது. செய்தித் தலைப்புகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும், இறையியல் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

## எந்த உயிரைப் பற்றிய பேச்சு இது?

வேற்றுக்கோள் உயிர் என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, நுண்ணுயிர், பாசி போன்ற எளிய உயிர். மற்றொன்று, நம்மைப் போல யோசித்து முடிவெடுக்கிற உயிர்.

விண்வெளி ஆய்வு இப்போது மும்முரமாகத் தேடுவது பெரும்பாலும் முதல் வகையைத்தான். 1995-ல் ஸ்விட்சர்லாந்து வானியலாளர்கள் மிஷேல் மயோரும் திதியே கெலோவும், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றிவரும் கோளை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். இன்று நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் எதிலும் உயிர் இருப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

நாளைக்கே நிரூபிக்கப்பட்டாலும், அது நுண்ணுயிராக இருக்கும்வரை கத்தோலிக்க நம்பிக்கைக்கு ஒரு சிக்கலும் இல்லை. 1977-ல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டம் கூட்டமாக வாழ்வதைக் கண்டார்கள். உயிரியல் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. விசுவாச அறிக்கையைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. செவ்வாயில் கிடைக்கும் நுண்ணுயிரும் அப்படித்தான்.

சிக்கல் தொடங்குவது இரண்டாம் வகையில். உண்மை எது பொய் எது என்று பிரித்தறிந்து, நல்லதையோ கெட்டதையோ தன் விருப்பத்தால் தேர்ந்துகொள்ளக்கூடிய படைப்பை அறிவுள்ள படைப்பு என்று இறையியலில் சொல்கிறார்கள். எத்தனை கை, எத்தனை கண் என்பதெல்லாம் கணக்கில் வராது. அறிவும் சுதந்திரமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பலர் கவனிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனிதரைத் தவிர வேறு அறிவுள்ள படைப்பே கிடையாது என்று கத்தோலிக்கத் திருச்சபை என்றைக்கும் நம்பியதில்லை. வானதூதர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் விசுவாசத்தில் அடங்கியது. அவர்களுக்கு அறிவு உண்டு, சுதந்திரம் உண்டு, மனித இனத்தோடு பிறப்புத் தொடர்பு கிடையாது. மனிதர் அல்லாத அறிவுள்ளவர் என்ற எண்ணம் ஒரு கத்தோலிக்கருக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே பழகியதுதான். வானதூதர்களுக்கு உடல் இல்லை, வேற்றுக்கோளினருக்கு உடல் இருக்கும் என்பதே வித்தியாசம்.

ஆக, நுண்ணுயிர் கிடைத்தால் இறையியலில் எதுவும் மாறாது. உடலும் அறிவும் சுதந்திரமும் கொண்ட ஓர் இனம் கிடைத்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். இனி வருவதெல்லாம் அவர்களைப் பற்றியது.

## யார் சொன்னால் திருச்சபை சொன்னதாகும்?

2008 மே மாதம் வத்திக்கான் நாளிதழான லொசர்வாத்தோரே ரொமானோவில் ஒரு நேர்காணல் வந்தது. பேசியவர் ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், அர்ஜென்டினாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு, அப்போது வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர். புனித பிரான்சிஸ் அசிசியார் எல்லாப் படைப்புகளையும் சகோதரன், சகோதரி என்று அழைத்தவர். அவர் வழியில் வேற்றுக்கோளில் இருப்பவரையும் சகோதரன் என்று ஏன் சொல்லக் கூடாது என்று ஃபூனெஸ் கேட்டார். கடவுளின் படைக்கும் சுதந்திரத்துக்கு நாம் எல்லை போட முடியாது என்பது அவருடைய வாதம். உலகம் முழுக்க மறுநாள் ஓடிய செய்தி வேறு: வத்திக்கான் ஏலியன்களை ஏற்றுக்கொண்டதாம்.

ஒரு குருவானவர், அவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும், நேர்காணலில் சொல்வது அவருடைய கருத்து. கத்தோலிக்கர் அனைவரும் ஏற்க வேண்டியது என்று திருச்சபை உறுதியாக அறிவித்த உண்மையை விசுவாசக் கோட்பாடு என்பார்கள். கடவுள் மூவொருவர், இயேசு உயிர்த்தெழுந்தார் என்பவை அந்த வகை. அதற்கு முரண்படாமல், விசுவாசத்தை வைத்து ஓர் அறிஞர் ஊகித்துச் சொல்வது இறையியல் கருத்து. ஒரே திருச்சபைக்குள் நேரெதிரான இரண்டு இறையியல் கருத்துகள் அக்கம்பக்கமாக இருக்கலாம், இருந்தும் வந்திருக்கின்றன.

வேற்றுக்கோள் உயிர் பற்றி விசுவாசக் கோட்பாடு எதுவும் இல்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்து 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பத்திகள் கொண்டது. அதில் ஒரு பத்திகூட இதற்கு ஒதுக்கப்படவில்லை.

இந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? நம் நிலத்துப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். சர்வே எண், நான்கு எல்லை, யாருக்குப் பாத்தியதை, எந்தப் பாதையில் போய்வர உரிமை எல்லாம் அதில் இருக்கும். நாலு வயல் தள்ளி இருப்பவர் நிலத்தில் கிணறு இருக்கிறதா என்று அது சொல்லாது. பத்திரத்தில் எழுதவில்லை, ஆகவே அங்கே கிணறே கிடையாது என்று யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அதே பத்திரத்தைக் காட்டி அங்கே கிணறு உண்டு என்றும் சாதிக்க முடியாது. கிணறு வேண்டுமானால் போய்ப் பார்க்க வேண்டும். விவிலியமும் மறைக்கல்வியும் மனிதருக்கும் கடவுளுக்கும் இடையில் நடந்ததைச் சொல்ல எழுதப்பட்டவை. மற்ற விண்மீன்களில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்க்கிற வேலை வானியலுடையது.

இந்த வேறுபாடு புரியாததால்தான் மறைந்த கொராதோ பால்துச்சி பெயரில் இவ்வளவு குழப்பம். இத்தாலியைச் சேர்ந்த இந்தக் குரு 2008-ல் காலமானார். வேற்றுக்கோளினர் பூமிக்கு வந்துபோகிறார்கள் என்று தொலைக்காட்சியில் தைரியமாகப் பேசியவர். அது அவருடைய சொந்த நம்பிக்கை. ஆனால் இணையத்தில் அவர் இன்றும் "வத்திக்கான் அதிகாரி"யாகத்தான் வலம்வருகிறார்.

## 1277: 'கடவுளால் முடியாது' என்று சொல்லக் கூடாது

இந்த விவாதம் தொலைநோக்கிக்கு முந்தியது. அதன் வேர் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது.

அரிஸ்டாட்டிலுக்கு உலகம் என்றால் நடுவில் பூமியும் சுற்றிலும் விண்மீன்களும் சேர்ந்த முழு அமைப்பு. அது ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பது அவர் முடிவு. காரணம் இது: மண்ணின் இயல்பு உலகத்தின் மையத்தை நோக்கி விழுவது. இன்னோர் உலகம் இருந்தால் அங்குள்ள மண் எங்கே விழும்? அந்த உலகத்தின் மையத்துக்கா, நம் உலகத்தின் மையத்துக்கா? மண்ணுக்கு ஒரே இயல்பு என்றால் அது போய்ச்சேரும் மையமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே இரண்டு உலகங்களுக்கு இடமில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டில் கொடிகட்டிப் பறந்தார். புனித தோமா அக்குவினாவும் உலகம் ஒன்றே என்றுதான் எழுதினார். ஆனால் சில ஆசிரியர்கள் ஒரு படி மேலே போய், பல உலகங்களைப் படைப்பது கடவுளாலேயே ஆகாத காரியம் என்ற அளவுக்குப் பேசினார்கள். பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே 1277 மார்ச் 7 அன்று 219 கூற்றுகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். பல உலகங்களைக் கடவுளால் உண்டாக்க முடியாது என்ற கூற்றும் அதில் ஒன்று. (தோமா அக்குவினா இறந்து சரியாக மூன்று ஆண்டு நிறைந்த நாள் அது.)

இது ஒரு மறைமாவட்ட ஆயரின் ஆணை. திருச்சபை முழுவதற்குமான கோட்பாடு அல்ல. அந்தப் பட்டியலில் அவசரத்தில் சேர்த்தவையும் உண்டு. ஆனாலும் சிந்தனை வரலாற்றில் அதன் விளைவு பெரிது. கடவுள் பல உலகங்களைப் படைத்தார் என்று அது சொல்லவில்லை. அவரால் முடியாது என்று சொல்லாதே என்றது. முடியுமா, படைத்தாரா என்ற இரண்டு கேள்விகள் அன்று தெளிவாகப் பிரிந்தன. முதலாவதுக்கு ஆம் என்பதே பதில். இரண்டாவது இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

அடுத்த நூறாண்டில் நிக்கோல் ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர் அரிஸ்டாட்டிலின் முடிச்சையே அவிழ்த்தார். ஒவ்வோர் உலகத்துக்கும் அதனதன் மையம் இருக்கலாம், அங்குள்ள கனமான பொருள் அந்த மையத்தை நோக்கியே விழும், இதில் என்ன முரண் என்று கேட்டார். கடவுள் நினைத்தால் பல உலகங்கள் ஆகும் என்று நிறுவிவிட்டு, ஆனால் உண்மையில் இருப்பது ஒன்றே என்று முடித்தார். 1377-ல் இவர் லிசியூ நகரின் ஆயரானார்.

நிக்கோலஸ் கூசா அங்கே நிற்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த இவர் 1440-ல் எழுதி முடித்த நூலில், பூமி பிரபஞ்சத்தின் அசையாத மையம் அல்ல என்றார். மற்ற விண்பகுதிகளிலும் அங்கங்குள்ள தன்மைக்கு ஏற்ற குடிகள் இருக்கக்கூடும் என்றும் எழுதினார். கலிலேயோ பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முந்திய எழுத்து இது. அவரை யாரும் விசாரிக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அவர் கர்தினால் ஆக்கப்பட்டார்.

## அப்படியானால் புரூனோவை எரித்தது எதற்கு?

கூசாவைப் பற்றிச் சொன்னதும் எழுகிற கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜொர்தானோ புரூனோ தொமினிக்கன் சபைத் துறவியாக இருந்து வெளியேறியவர். எண்ணற்ற சூரியன்கள், எண்ணற்ற உலகங்கள், அவற்றில் உயிர்கள் என்று எழுதியவர். 1592-ல் வெனிஸில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு, நீண்ட சிறைவாசத்துக்குப் பின் 1600 பிப்ரவரி 17 அன்று காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

"ஏலியன் உண்டு என்று சொன்னதற்காகவே எரித்தார்கள்" என்பது பாதிக் கதை. மூவொரு கடவுளை மறுத்தது, நற்கருணை பற்றிய போதனையை மறுத்தது, இயேசுவின் இறைத்தன்மை பற்றிய ஐயங்கள் என்று அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகள் பல. "உலகங்கள் பற்றிய கருத்துக்கும் தண்டனைக்கும் சம்பந்தமே இல்லை" என்று சில கத்தோலிக்கர்கள் வாதாடுவதும் பாதிக் கதைதான். எண்ணற்ற உலகங்கள் என்ற கருத்து விசாரணையில் மீண்டும் மீண்டும் வந்தது. அவர் கைவிட வேண்டும் என்று 1599-ல் முன்வைக்கப்பட்ட எட்டுக் கூற்றுகளின் முழுப் பட்டியல் இன்று கிடைப்பதில்லை என்பதால், எது எவ்வளவு எடை பெற்றது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஒரு மனிதரைக் கருத்துக்காக எரித்தது கொடுமை. குற்றச்சாட்டுப் பட்டியலை எப்படி மாற்றி அடுக்கினாலும் அது நியாயமாகாது. 2000-ல், புரூனோ இறந்து நானூறு ஆண்டு நிறைந்தபோது, வத்திக்கானின் செயலராக இருந்த கர்தினால் ஆஞ்செலோ சொதானோ அந்த மரணத்துக்கு வருத்தம் தெரிவித்தார்.

கூசாவுக்கும் புரூனோவுக்கும் நடுவில் ஐரோப்பாவில் கிறிஸ்தவம் இரண்டாகப் பிளந்திருந்தது. 1440-ல் துணிச்சலான ஊகமாகத் தெரிந்தது, 1600-ல் ஆபத்தான கலகமாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கெடுபிடி நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விண்மீன்களை அவற்றின் ஒளி நிறமாலையை வைத்து வகைப்படுத்திய முன்னோடி ஆஞ்செலோ செக்கி ரோமாபுரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு. மற்ற உலகங்களில் உயிர்கள் இருக்கும் என்று வெளிப்படையாக எழுதினார். அவருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: கடவுளால் முடியும் என்பதில் கத்தோலிக்க மரபில் சந்தேகம் இல்லை. உண்மையில் இருக்கிறார்களா என்பதில் கட்டாயமான போதனை இல்லை. இனிதான் கடினமான பகுதி.

## ஆதாமின் பிள்ளைகள் அல்லாதவர்கள்

மனித இனம் தொடக்கத்திலேயே கடவுளை விட்டு விலகியது. அந்த முறிவோடுதான் நாம் ஒவ்வொருவரும் பிறக்கிறோம். இதைப் பிறப்புநிலைப் பாவம் என்கிறார்கள். சென்மப் பாவம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு குழந்தையும் தனியாகச் செய்யும் குற்றம் அல்ல இது, ஆதாமின் வழிவந்த குடும்பம் என்பதால் நமக்கு வந்து சேரும் நிலை. கிறிஸ்து வந்தது இந்த முறிவைக் குணப்படுத்த.

அப்படியானால் ஆதாமின் வழிவராத ஓர் இனத்தை எங்கே வைப்பது?

விண்வெளிக்குப் போகாமலேயே திருச்சபை இந்தக் கேள்வியில் இடறியிருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் மனிதர்கள் இருப்பதாகச் சிலர் சொன்னபோது புனித அகுஸ்தினார் அதை ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய கடலைக் கடந்து ஆதாமின் பிள்ளைகள் அங்கே போயிருக்க முடியாது, ஆதாமின் பிள்ளைகள் அல்லாத மனிதரும் இருக்க முடியாது என்பது அவர் தர்க்கம். 748-ல் அயர்லாந்திலிருந்து வந்த வெர்ஜில் என்ற துறவிமேல் இதே விஷயத்தில் புகார் எழுந்தது. பூமிக்குக் கீழே வேறோர் உலகமும் வேறு மனிதர்களும் உண்டு என்று அவர் போதிப்பது உண்மையானால் குருத்துவத்திலிருந்து நீக்க வேண்டும் என்று திருத்தந்தை (போப்) சக்கரியா எழுதினார். வெர்ஜில் நீக்கப்படவில்லை. சால்ஸ்பர்க் ஆயரானார். 1233-ல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

பிறகு கப்பல்கள் கடலைக் கடந்தன. மறுபக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளை விலங்குகளைப் போல நடத்திய குடியேற்றக்காரர்களுக்கு எதிராக 1537-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஓர் ஆணை வெளியிட்டார்: அவர்கள் உண்மையான மனிதர்கள், அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது, விசுவாசத்தை ஏற்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. கப்பலில் போனவர்கள் அந்த ஆணையை மதித்து நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஓர் இனத்தைச் சந்திப்பதைப் பற்றிப் பேசும்போது இந்த வரலாறு என் நினைவை விட்டு அகல்வதில்லை.

வேற்றுக்கோளினருக்கு வருவோம். 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உண்மையான மனிதர் எல்லாரும் ஆதாமிடமிருந்து வந்தவர்கள் என்பதை வலியுறுத்திச் சுற்றுமடல் எழுதினார். அந்த வாக்கியம் பேசுவது இந்தப் பூமியில் வாழ்ந்த மனிதரைப் பற்றி. மற்ற விண்மீன்களைப் பற்றி அது எதையும் முடிவுகட்டவில்லை. எனவே மூன்று வாய்ப்புகள் திறந்திருக்கின்றன. அவர்கள் பாவத்தில் விழாமலே இருந்திருக்கலாம். நம்மோடு சம்பந்தமில்லாமல் தாங்களாகவே விழுந்திருக்கலாம். விழுந்து, நமக்குத் தெரியாத வழியில் எழுப்பப்பட்டும் இருக்கலாம்.

ஃபூனெஸ் 2008 நேர்காணலில் காணாமற்போன ஆட்டின் உவமையை இங்கேதான் கொண்டுவந்தார். நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஆயன் தேடிப்போன அந்த ஓர் ஆடு நாமாகவே இருக்கலாம் என்றார். இது நிரூபணம் ஆகாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் கடவுள் மனிதரானதால் நாம்தான் பிரபஞ்சத்திலேயே உசத்தி என்று நினைப்பவர்களை இந்த வாசிப்பு ஒரு நிமிடம் நிறுத்திவிடும்.

## ஒரு சிலுவை எத்தனை உலகங்களுக்கு?

இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடவுளின் மகன் மனித உடலும் மனித ஆன்மாவும் எடுத்து நம்மில் ஒருவரானதை மனுவுருவாதல் என்பார்கள். கிறிஸ்தவத்தின் நடுநாயகமான நம்பிக்கை இது. அது ஒரு குறிப்பிட்ட இடத்தில், ரோமானியர் ஆண்ட பாலஸ்தீனத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்தது. வேறு கோளில் பாவத்தில் விழுந்த ஓர் இனம் இருந்தால், எருசலேமுக்கு வெளியே நடந்த அந்தச் சாவு அவர்களுக்கும் சேர்த்தா? அல்லது அங்கே இன்னொரு முறை அவர் பிறக்க வேண்டுமா?

வோரிலோங்கின் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி இதை நேரடியாகவே கேட்டார். அவர் இறந்தது 1463-ல். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தன. இன்னோர் உலகில் மனிதர்கள் இருந்தால், அவர்கள் ஆதாமிடமிருந்து வராததால் ஆதாமின் பாவம் அவர்களுக்கு இல்லை என்றார். கிறிஸ்து இந்தப் பூமியில் இறந்ததன் மூலம் அந்த உலகத்தாரையும் மீட்க முடியுமா? முடியும், உலகங்கள் எண்ணற்றவையாக இருந்தாலும் முடியும் என்றார். ஆனால் அங்கே போய் மீண்டும் சாவது அவருக்குப் பொருத்தமானதாகாது என்று முடித்தார்.

விவிலியத்தில் இந்தப் பக்கத்துக்கு வலுச்சேர்க்கும் பகுதிகள் உண்டு. கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாக்கினார் என்று எபிரேயர் திருமுகம் அழுத்திச் சொல்கிறது. விண்ணிலும் மண்ணிலும் உள்ள எல்லாவற்றையும் கடவுள் அவர் வழியாகத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று கொலோசையர் திருமுகம் சொல்கிறது.

மறுபக்கத்துக்கு ஆதாரம் தோமா அக்குவினாவிடம் கிடைக்கிறது. கடவுளின் மகன் ஒரு மனித இயல்பை எடுத்த பிறகு இன்னொன்றையும் எடுக்க முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டார். முடியும் என்பது அவர் பதில். இறைவல்லமைக்கு எல்லை இல்லை. படைக்கப்பட்ட ஓர் இயல்பை எடுத்துக்கொண்டதால் அது தீர்ந்துபோவதில்லை. அவர் மனிதரை மனத்தில் வைத்துத்தான் எழுதினார். ஆனால் பல மனுவுருவாதல்கள் நடக்கலாம் என்று கருதும் இன்றைய இறையியலாளர்கள் தொடங்குவது அந்தப் பதிலிலிருந்து. இருபதாம் நூற்றாண்டின் பெரும் கத்தோலிக்க இறையியலாளர்களில் ஒருவரான கார்ல் ரானரும், அது நினைத்தே பார்க்க முடியாதது என்று நிரூபிக்க இயலாது என்றார்.

இரண்டுக்கும் வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க மெய்யியல் பேராசிரியர் மரீ ஜார்ஜ், வேற்றுக்கோளினர் இருப்பது விசுவாசத்துக்கு முரணில்லை என்று ஒப்புக்கொண்டே, விவிலியத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று வாதாடுகிறார். அவரும் முழுக் கத்தோலிக்கர்தான், ஃபூனெஸும் முழுக் கத்தோலிக்கர்தான்.

என் மனம் வோரிலோங் பக்கம் சாய்கிறது. நாசரேத்து என்ற சின்ன ஊரில் நடந்தது ரோமாபுரிக்கும், பிறகு கடல் கடந்த நாடுகளுக்கும் போதுமானது என்று நம்புகிறவருக்கு, தூரம் கூடக்கூட அதன் வலிமை குறையும் என்று நினைக்கக் காரணம் இல்லை. ஆனால் ஒன்று இடிக்கத்தான் செய்கிறது. கடவுள் நம்மில் ஒருவரானார் என்பதே கிறிஸ்தவத்தின் ஆறுதல். அந்த ஆறுதல் வேறோர் இனத்துக்கு எந்த வடிவில் போய்ச்சேரும் என்பதற்கு வோரிலோங்கிடம் விடை இல்லை.

ஆக, ஒரே மீட்பு எல்லாருக்கும் போதும் என்பது ஒரு கருத்து. பல முறை மனுவுருவாக முடியும் என்பது இன்னொன்று. அந்த இனத்துக்கு மீட்பே தேவைப்படாமல் இருக்கலாம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் திருச்சபைக்குள் இடம் உண்டு.

## வத்திக்கானின் தொலைநோக்கி எதைப் பார்க்கிறது?

பூட்டி வைத்த ரகசியம் என்ற பேச்சையும் தீர்த்துவிடலாம். வத்திக்கான் ஆவணக் காப்பகம் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1881-ல். வானாய்வகத்தை இன்றைய வடிவில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ல் நிறுவினார். தலைமையகம் ரோமாபுரிக்கு அருகே காஸ்தல் கந்தோல்ஃபோவில் இருக்கிறது. நகர வெளிச்சம் வானத்தை மறைத்துவிட்டதால், ஆய்வுக்கு அவர்கள் நம்பியிருப்பது அமெரிக்காவின் அரிசோனாவில் கிரஹாம் மலைமேல் உள்ள 1.8 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை. விண்கற்கள், விண்மீன்கள், விண்மீன் திரள்கள் பற்றிய அவர்களுடைய ஆய்வுகள் வழக்கமான அறிவியல் இதழ்களில் வெளியாகின்றன.

"வத்திக்கான் தன் தொலைநோக்கிக்கு லூசிஃபர் என்று பேர் வைத்திருக்கிறது" என்ற வதந்தி பிறந்தது அதே மலையில்தான். அங்கே இரண்டு 8.4 மீட்டர் ஆடிகள் கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்றும் இருக்கிறது. அது வத்திக்கானுடையது அல்ல. அதில் பொருத்த ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய அகச்சிவப்புக் கருவி ஒன்றின் நீண்ட பெயரைச் சுருக்கி அப்படி அழைத்தார்கள். பிறகு அவர்களே லூசி என்று மாற்றிவிட்டார்கள். அடுத்த கட்டடத்துக் கருவியின் பழைய பெயர்தான் காணொளிகளில் வத்திக்கான் தலையில் விழுகிறது.

வேற்றுக்கோள் உயிர் குறித்து வத்திக்கானில் நடந்த பெரிய கூட்டமும் பகிரங்கமானதே. 2009 நவம்பரில் திருத்தந்தையின் அறிவியல் கழகம் ஐந்து நாள் ஆய்வு வாரம் நடத்தியது. உயிர் எப்படித் தோன்றியது, அதை மற்ற கோள்களில் எப்படித் தேடுவது என்று வானியலாளர்களும் உயிரியலாளர்களும் புவியியலாளர்களும் பேசினார்கள். பேசப்பட்டது அறிவியல். வானாய்வகத்துக்கு 2025 செப்டம்பர் முதல் இயக்குநராக இருப்பவர் இந்தியாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ரிச்சர்ட் டிசூசா. விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று மோதி இணைவதை ஆராய்பவர்.

## திருமுழுக்குக் கேள்வி

கடைசியாக, அதிகம் திரிக்கப்பட்ட ஒரு மறையுரை. 2014 மே 12, திங்கள் காலை. வத்திக்கானில் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்துச் சிற்றாலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றுகிறார். அன்றைய வாசகம் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து. யூதர் அல்லாத கொர்னேலியுவின் வீட்டுக்குள் பேதுரு நுழைந்து அவர்களோடு உண்டதற்காக எருசலேமில் இருந்தவர்கள் அவரைக் குறைகூறுகிறார்கள். அன்றைய யூதக் கிறிஸ்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை உணர்த்தத்தான் திருத்தந்தை ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். நாளைக்குச் செவ்வாயிலிருந்து சிலர் வருகிறார்கள், குழந்தைகள் வரைவது போலப் பச்சை நிறம், நீண்ட மூக்கு, பெரிய காது. அவர்களில் ஒருவர் எனக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? அடுத்து அவர் போனது கதவுக்கு. பழங்காலத் திருச்சபையில் வாயிற்காப்போர் என்ற பணி இருந்தது. கதவைத் திறந்து மக்களை உள்ளே விடுவதுதான் அவர்கள் வேலை, சாத்துவதற்கென்று ஒரு பணி இருந்ததே இல்லை என்றார். மறையுரை முழுவதும் மனிதர்களை வெளியே நிறுத்தும் மனிதர்களைப் பற்றியது. "ஏலியனுக்குத் திருமுழுக்குக் கொடுக்க போப் தயார்" என்பது தலைப்பானது.

எடுத்துக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் என்ன? ஃபூனெஸுக்குப் பிறகு வானாய்வகத்தை நடத்திய அமெரிக்க இயேசு சபைச் சகோதரர் கை கொன்சொல்மாஞ்ஞோவிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் மட்டும் கொடுப்பேன் என்பது அவர் பதில். 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 864-ஆம் விதி, இன்னும் திருமுழுக்குப் பெறாத மனிதர் எவரும் அதைப் பெறத் தகுதியுள்ளவர், அத்தகையோர் மட்டுமே தகுதியுள்ளவர் என்கிறது. மனிதர் என்றால் ஆதாமின் குடும்பம் மட்டுமா, உடலும் அறிவும் கொண்ட எவருமா என்பதை அந்த விதி விளக்கவில்லை. அந்தத் தேவை இதுவரை எழவில்லை.

அப்படி ஓர் இனம் திருமுழுக்குப் பெற முடியாது என்றே நாளைக்கு முடிவானாலும், அவர்கள் கடவுளுக்கு அந்நியர் என்று அதற்குப் பொருள் ஆகாது. மீட்பைத் திருமுழுக்கோடு கடவுள் பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்கு (திருமுழுக்கு போன்ற புனிதச் சடங்குகளுக்கு) கட்டுப்பட்டவர் அல்லர் என்று மறைக்கல்வி நூலின் 1257-ஆம் பத்தி சொல்கிறது. கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாமல் வாழ்ந்து மறைந்த கோடிக்கணக்கான மனிதர்களைப் பற்றி யோசிக்கும்போது திருச்சபை கையில் எடுப்பதும் இதே பத்தியைத்தான்.